புராஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சையை முடிவு செய்யுமுன் வீட்டில் போட வேண்டிய கணக்கு

சதையெடுத்துப் பார்க்கும் பயாப்சி பரிசோதனையின் அறிக்கை கைக்கு வந்ததும் பல வீடுகளில் நகை அடகுக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்னால் மருத்துவரிடம், நோய் ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, எலும்புவரை பரவிவிட்டதா, வீரியம் எவ்வளவு என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் சுரப்பிக்குள் அடங்கிய நோயுள்ளவர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியான ஆய்வில், முதலில் கண்காணிப்பில் வைக்கப்பட்டவர்கள், அறுவை செய்துகொண்டவர்கள், கதிர்வீச்சு பெற்றவர்கள் ஆகிய மூன்று பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. ஆகவே வீரியம் குறைந்த நோய்க்கு அவசரப்பட்டுக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால், உடம்பு நன்றாயிருக்கிறதென்று பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனைக்கே வராமல் நின்றுவிடக் கூடியவருக்குக் கண்காணிப்பு ஏற்றதன்று.

கதிர்வீச்சு, அதாவது பேச்சுவழக்கில் 'கரண்ட் வைப்பது', என்று முடிவானால், எத்தனை நாள் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். முன்பு ஏறத்தாழ எட்டு வாரம் நீண்ட சிகிச்சை, இப்போது பலருக்கு இருபது தடவையில், அதாவது நான்கு வாரத்தில் முடிகிறது. திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சென்னைக்கு வந்து அறை எடுத்துத் தங்குபவருக்கு இந்த வேறுபாடு ஒரு மாத வாடகை, சாப்பாடு, கூடவே வந்த மகனின் ஒரு மாதக் கூலி. இதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுவதில் வெட்கமில்லை. ரயிலில் வருவோர் மருத்துவமனையில் சலுகைப் படிவம் வாங்கிக்கொண்டால், ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமில்லை. துணைக்கு வருபவருக்குக் கால் பங்குதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், சொல்லப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ரோபோ அறுவைக்காகத் தனியே பணம் கேட்டால் நிதானியுங்கள்: ஆஸ்திரேலியாவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், இரண்டாண்டு முடிவில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்திய உறவிலும் ரோபோ அறுவைக்கும் திறந்த அறுவைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அறுவை செய்பவரின் அனுபவத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

நோய் பரவியவர்களுக்கு ஆண் ஹார்மோனை அடக்குவதே சிகிச்சையின் அடிப்படை. இதற்கு மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி போட்டுக்கொள்ளலாம். அல்லது அந்த ஹார்மோனைச் சுரக்கும் விரைகளை ஒரே தடவையில் அறுவை செய்து அகற்றிவிடலாம். அகற்றுவதன் பயனை 1941இலேயே காட்டிய அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார். செலவு குறைந்த இவ்வழியைப் பலர் வெட்கத்தால் மறுக்கிறார்கள்; ஊசியும் ஆண்மையைக் குறைக்கும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. ஊசியை நிறுத்தினால் அதன் விளைவு பெரும்பாலும் மெல்ல மாறும், அறுவையின் விளைவு மாறாது. ஆகவே கதிர்வீச்சோடு குறிப்பிட்ட காலம் மட்டும் ஹார்மோன் சிகிச்சை பெறுபவருக்கு ஊசியே பொருந்தும். ஆனால் நோய் பரவியவருக்கு, பணம் இல்லாத மாதங்களில் ஊசி தவறிப்போகும் குடும்பமென்றால், விரைகளை அகற்றும் அறுவையே பாதுகாப்பு என்பது என் கருத்து.

மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் எந்தப் பெரியவரும் ஆண்மை குறைவதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். மருத்துவரைப் பார்க்கும்போது மகன் பத்து நிமிடம் வெளியே காத்திருக்கட்டும். பெரியவர் விரும்பினால் அவர் மனைவி உள்ளே இருக்கட்டும்.