மல்பெரித் தோட்டத்துக்கு எந்த மினி டிராக்டர்?

உடுமலைப் பக்கம் பட்டுப்புழுவுக்கு மல்பெரி போட்டிருப்பவர்கள் டிராக்டர் வாங்கப் போனால் முதலில் கேட்பது "எத்தனை எச்.பி.?" என்றுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குங்கள்.

நம்மில் பலர் நட்டிருப்பது இணை வரிசை. மூன்றடி இடைவெளியில் இரண்டு வரிசை, அடுத்த ஜோடிக்கு முன்னால் ஐந்தடிப் பாதை. வண்டி ஓடுவது அந்த ஐந்தடியில். நட்டபோது இருந்த ஐந்தடி இப்போது இருக்காது. ஒவ்வொரு அறுவடைக்கும் தண்டை வெட்ட வெட்ட அடித்தூர் பருத்து முண்டு பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். என் தோட்டத்தில் சில இடங்களில் நாலேகால் அடிதான் மிச்சம். மிகக் குறுகலான இடத்தைத் தூருக்குத் தூர் அளந்து, பக்கத்துக்கு மூன்று அங்குலம் கழியுங்கள். எனக்கு மூன்றே முக்கால் அடி வந்தது. வண்டியும், பின்னால் மாட்டும் ரொட்டவேட்டரும் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) அதற்குள் அடங்க வேண்டும்.

ரொட்டவேட்டர் பின்டயர்களின் வெளிவிளிம்பைத் தாண்டிச் சற்றாவது வெளியே வர வேண்டும். இல்லையென்றால் டயர் அழுத்திய தடம் உழவுபடாமல் கிடந்து, போகப் போக இறுகிவிடும். மூன்றேகால் அடி, அதாவது ஒரு மீட்டர் ரொட்டவேட்டருக்கு 18 முதல் 22 எச்.பி. போதும். பாதை நன்றாக அகலமாக இருந்து நாலடி ரொட்டவேட்டர் போடுகிறீர்கள், அதிலும் கரிசல் மண் என்றால் 24 எச்.பி.க்குக் குறைய வேண்டாம். விவரத் தாளில் இன்ஜின் எச்.பி.யோடு பி.டி.ஓ. எச்.பி.யையும் பாருங்கள். ரொட்டவேட்டருக்குப் போய்ச் சேரும் பலம் அதுதான்.

இனி நான் அதிகம் வலியுறுத்துவது திரும்பும் இடம். பாதையின் நடுவிலிருந்து அடுத்த பாதையின் நடு எட்டடி. அத்தனை சின்ன வட்டத்தில் எந்த மினி டிராக்டரும் ஒரே மூச்சில் திரும்பாது. ரிவர்ஸ் போட்டே தீரணும். ஒரு பாதையை விட்டு அதற்கடுத்ததில் நுழைந்தால் பதினாறு அடி கிடைக்கும். இரண்டரை மீட்டர் ஆரத்துக்குள் வளையும் வண்டி அதில் ஏறக்குறைய ஒரே வீச்சில் திரும்பிவிடும். ஆகவே திரும்பும் ஆரம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். கடைசிச் செடிக்கும் வேலிக்கும் நடுவே பதினைந்து அடியாவது விடுங்கள். வேலி வரை நட்டிருந்தால் ஓரச் செடிகளைப் பிடுங்குவதற்குத் தயங்க வேண்டாம்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) தண்ணீர் பாய்ந்து ஈரம் காயாத நிலத்தில் இறங்குவதென்றால் நாலு சக்கர இழுவை கட்டாயம். தார் ரோட்டில் ஏறியதும் அதை எடுத்துவிடுங்கள், முன்டயரும் கியரும் தேயாது. ட்ரெய்லரில் எரு ஏற்றுவதற்கும் இதே வண்டி என்றால் கவனம். சின்ன வண்டி பாரத்தை இழுத்துவிடும், சரிவில் நிறுத்தத்தான் திணறும்.

தென்னைக்குள் ஓட்ட மட்டும் என்றால் இவ்வளவு அளக்க வேண்டியதில்லை, இருபத்தைந்து அடி இடைவெளியில் இடம் தாராளம். ஒரு ஏக்கர் மல்பெரி மட்டும் இருப்பவர் பவர் டில்லரோ வாடகை வண்டியோ பார்ப்பதே நல்லது; உழவன் செயலியிலேயே வேளாண் பொறியியல் துறை வண்டிக்குப் பதியலாம். மானியத்தில் வாங்குவதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தத் துறை அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஷோரூம் வாசலில் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்டு அறுவடை முடிந்த மறுநாள் ரொட்டவேட்டர் மாட்டி உங்கள் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொல்லி, அளந்து வைத்த அந்தக் குறுகலான பாதையில் ஓட்டச் சொல்லுங்கள்.