வெளிநாட்டு மாணவர்களோடு ஆன்லைன் வகுப்பு: நர்சிங் கல்லூரிகள் சறுக்கும் இடங்கள்

கோவை, ஈரோடு, சேலம் பக்கத்து நர்சிங் மாணவிகளை வெளிநாட்டு மாணவர்களோடு ஜூமில் உட்கார வைத்தால் முதல் தவறு நிகழ்ச்சி நிரலிலேயே தெரிந்துவிடும். பட்டுச்சேலை, பொங்கல் பானை, வள்ளி கும்மி என ஒரு மணி நேரம் ஓடிவிடும். நோயாளி வரவே மாட்டார். இரு பக்கத்துக்கும் ஒரே கேஸைக் கொடுங்கள். பிரசவமாகி மூன்றாம் நாள்: என்ன பத்தியம், எப்போது குளியல், முடிவெடுப்பது தாயா, மாமியாரா?

அதிகம் கோட்டை விடுவது மொழிபெயர்ப்பில். "சூடு புடிச்சுக்கிச்சுங்க" என்று பாட்டி சொன்னதை மாணவி 'ஃபீவர்' ஆக்கிவிடுவார். எதிர்ப்பக்கம் டெம்பரேச்சர் கேட்கும், சார்ட்டில் 98.4. பாட்டி சொன்னது அடிவயிற்று வலியும் ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சலும். 'சூடு' என்பதை அப்படியே வைத்து, எங்கே, எப்போதிருந்து, என்ன செய்தால் குறைகிறது என விளக்கச் சொல்லுங்கள். யூரின் டெஸ்ட் தேவைப்படலாம் என்பதும் அப்போதுதான் தோன்றும்.

"எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான்" என்பதையும் விடாதீர்கள். மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டிவிட்டால் (திருவிழா தொடங்கிவிட்டால்) வெளியூரில் ராத்தங்கக் கூடாதென்று டிஸ்சார்ஜ் கேட்பவரும் உண்டு, அதே ஊரில் அதைக் கண்டுகொள்ளாதவரும் உண்டு.

நாற்பது பேரை ஒரே திரையில் அடைத்தால் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த இரண்டு பேர்தான் பேசுவார்கள். குழுவுக்கு நான்கைந்து பேர், கேஸ் தாள் மூன்று நாள் முன்னதாக, முதல் சுற்றில் ஆளுக்கு 2 நிமிஷம். பிரிட்டன் கல்லூரி என்றால் கடிகாரத்தையும் பாருங்கள்: அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் நேரத்தை மாற்றுவதால், நம் மதியம் 2.30 அவர்களுக்குக் காலை 10 மணியாக இருந்தது 9 ஆகிவிடும். ஜப்பானோடு இந்த வம்பே இல்லை, வருஷம் முழுக்க மூன்றரை மணி வித்தியாசம்தான்.

நோயாளியின் பெயரை மட்டும் எடுத்தால் போதாது. சின்ன ஊர், தறி ஓட்டுபவர், இரட்டைக் குழந்தை என்றாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். போட்டோ வேண்டவே வேண்டாம். கற்பனைக் கேஸே மேல்.

"மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்ற ஃபீட்பேக் படிவம் வெறும் காகிதம். பயன் இருந்ததா என்று பார்க்க, அதே வாரம் வார்டில், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரரிடம் எங்கே, எப்போதிருந்து, என்ன செய்தால் குறைகிறது என்ற அதே கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க, கூட வந்த சூப்பர்வைசரை வைக்காதீர்கள்; அவர் முன்னால் குடியையோ, ராத்திரி ஷிஃப்டையோ நோயாளி வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.