தராசு இல்லாத குசினியில் கிராமை அளப்பது எப்படி

கேக் குறிப்பில் கோதுமை மா 250 கிராம் என்றிருக்கும். வீட்டில் இருப்பதோ ஒரு சுண்டும் இரண்டு கரண்டியும். "ஒரு கப் 250 கிராம்தானே" என்று போட்டால் கேக் கெட்டுப்போகும். அந்தக் கணக்கு தண்ணீருக்கும், கிட்டத்தட்ட தயிருக்கும் பாலுக்கும் மட்டும்தான் பொருந்தும். அதே 250 மில்லிலீற்றர் கப்பில் தேன் 350 கிராம் பிடிக்கும், அரித்த கோதுமை மா 130 கிராம்தான் பிடிக்கும்.

முதலில் உங்கள் பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று பாருங்கள். சீல் உடைக்காத 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, சுண்டிலோ கோப்பையிலோ விளிம்பு வரை ஊற்றுங்கள். சரியாக இரண்டு தரம் நிறைந்தால் அது 250. பால் பேணியைச் சுண்டாக வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180தான்; அதை "ஒரு கப்" என்று எடுப்பதால்தான் பலருக்குக் கணக்குப் பிசகுகிறது. அமெரிக்கக் குறிப்புகளில் கப் என்றால் ஏறத்தாழ 240.

அடுத்தது, அந்தக் கப்பில் ஒவ்வொரு சாமானும் எத்தனை கிராம் என்பது. இதற்கும் தராசு தேவையில்லை. ஒரு கிலோ பைக்கற்றை உடைத்து, போத்தலில் கொட்டும்போதே கப்பால் எண்ணுங்கள். ஆயிரத்தை அந்த எண்ணால் வகுத்தால் விடை. 250 கப்பில் சீனி நாலே முக்கால் கப் வரும், அதாவது கப்புக்கு 210 கிராம். பச்சை அரிசி ஐந்து கப்புக்குச் சற்றுக் குறைவு. ரவை 175 கிராம் அளவில் நிற்கும். எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டால் பிறகு இந்த வேலையே இல்லை.

இனிக் குறிப்பிலுள்ள கிராமைக் கப்பின் கிராமால் வகுக்க வேண்டியதுதான். பட்டர் கேக்கை எடுப்போம்: மா, சீனி, பட்டர் மூன்றும் 250 கிராம் வீதம். மா 250ஐ 130ஆல் வகுக்க இரண்டு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி குறைவு. சீனி ஒரு கப்பும் மூன்று மேசைக்கரண்டியும். பட்டரைக் கப்பில் அடைக்காதீர்கள், இடையில் காற்று நிற்கும். கட்டியின் உறையில் உள்ள நிறையைப் பார்த்துக் கத்தியால் பங்கு போடுவதே சரி.

மாவில்தான் அதிகம் பிழைக்கும். பைக்கற்றுக்குள் கப்பை விட்டு அள்ளினால் 130 என்பது 160 ஆகிவிடும்; கேக் வரண்டு வெடிக்கும். கரண்டியால் தூவி நிரப்பி, கத்தி முதுகால் தலைதட்டுங்கள். கப்பை மேசையில் தட்டக் கூடாது. இடியப்பத்துக்கு அவித்த மாவையும் வறுத்த அரிசி மாவையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். இரண்டையும் அரித்த பின் தனித்தனியே எண்ணிக்கொள்ளுங்கள். உழுந்தை ஊறப்போட முன் அளக்க வேண்டும், ஊறினால் பருத்துவிடும். மாரியில் சீனியும் உப்பும் ஈரம் பிடித்துக் கட்டியாகும், உதிர்த்துவிட்டுத்தான் அளக்கலாம். துருவின தேங்காய்ப்பூவை அமத்துவதா விடுவதா என்று குறிப்பில் இல்லாவிட்டால் அமத்தாமல் எடுங்கள்.

மட்டக்களப்பில் தேனும் தேங்காயெண்ணெயும் போத்தல் கணக்கில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 750 மில்லிலீற்றர் போத்தலில் தேன் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், எண்ணெய் 690 கிராம் அளவுதான். ஒரு கிலோ எண்ணெய் கேட்கும் குறிப்புக்கு ஏறக்குறைய ஒன்றரைப் போத்தல் வேண்டும்.

சின்ன அளவுகளைக் கப்பில் பங்கு பிரிக்க வேண்டாம். 5 மில்லிலீற்றர் தேக்கரண்டி தலைதட்டினால் தூள் உப்பு 6 கிராம், பேக்கிங் பவுடர் 4 முதல் 5 கிராம், உடனடி ஈஸ்ட் 3 கிராம். கல்லுப்பு அதே கரண்டியில் குறைவாகத்தான் பிடிக்கும், ஆகவே இடித்துவிட்டு அளந்துகொள்ளுங்கள். தேத்தண்ணி கலக்கும் கரண்டிகள் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பருமன். மருந்துப் போத்தலோடு வரும் 5 மில்லிலீற்றர் மூடியைக் கழுவி வைத்தால் அதுவே போதும்.