பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சைத் தொடங்க

பயணத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச ஆசை, ஆனால் தயக்கமா? பெயர், ஊர், வேலை என்று விசாரணையில் இறங்காதீர்கள். இருவர் கண்ணுக்கும் தெரிகிற ஒன்றைப் பற்றிக் கேளுங்கள்: அவர் கையிலுள்ள புத்தகம், இன்னும் கிளம்பாத வண்டி. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தாலோ, காதில் இயர்போன் ஏறினாலோ புன்னகையோடு விட்டுவிடுங்கள். அவருக்கும் களைப்பு இருக்கும்.

சிகாகோ ரயில் பயணிகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பேசாமல் போவதே சுகம் என்றுதான் மக்கள் நினைத்தார்கள். ஆனால் அந்நியரோடு பேசிக்கொண்டு போனவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது.

இறங்கும்போது, “உங்களோடு பேசியது நன்றாக இருந்தது” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இறங்கிவிட்டுப் பலமுறை வருந்தியிருக்கிறேன்.