கார்பன் ஃபைபர் கிட்டார்: வாங்கும்போது பார்க்க வேண்டியதும் வாங்கிய பின் செய்ய வேண்டியதும்

கார்பன் ஃபைபர் அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அது மாறாது. மழைக்காலத்தில் உப்பாது, ஏசி அறையில் சுருங்காது, பல வருடம் கழித்து எடுத்தாலும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும். இதுதான் அதன் பெரிய பலம். ஆனால் வாங்கிய அன்று அதில் ஒரு கோணல் இருந்தால் அந்தக் கோணலும் அப்படியே இருக்கும், அதனால் மர கிட்டார் வாங்குவதைவிட இரண்டு மடங்கு கவனமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் வாங்கிய கார்பன் கிட்டாரின் நெக் லேசாக முன்பக்கம் வளைந்திருந்தது. கடையில் கேட்டேன். "கொஞ்ச நாள் வாசிங்க சார், தானா செட் ஆயிடும்" என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். பொதுவாக மர நெக்கில், வளைவைத் திருத்த உள்ளே வைத்திருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்றுத் திருகினால் முடிகிற வேலை அது. இதில் டிரஸ் ராடே கிடையாது. இரண்டு வருடம் வைத்து வாசித்தேன், ஒரு மயிரிழைகூட அசையவில்லை. கடைசியில் 12 கேஜ் கம்பியைக் கழற்றிவிட்டு அதைவிட மெல்லிய 11 போட்டு, நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்களைத் தேய்த்துச் சமன்செய்யக் கொடுத்தேன். துருப்பிடிக்காத எஃகு ஃபிரெட் என்பதால் அரம் சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்று அதற்கும் கூடுதல் கூலி.

ஏன் மாறாது என்று தெரிந்துகொண்டால், எதைச் சோதிக்க வேண்டும் என்பது தானே விளங்கும். மர கிட்டாரின் மேல்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். நார் ஓடும் திசையில் அது நல்ல விறைப்பாக இருக்கும், குறுக்கே பார்த்தால் அந்த விறைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. லைட் கேஜ் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. மூன்று மில்லிமீட்டர் அளவே கனமுள்ள ஒரு பலகை அத்தனை இழுப்பையும் தாங்க வேண்டும், தாங்கிக்கொண்டே அதிரவும் வேண்டும். அதற்காகத்தான் உள்ளே X வடிவில் சட்டங்கள் ஒட்டுகிறார்கள். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால் நாருக்குக் குறுக்காக விரியும், மேல்பலகை உப்பும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேலே எழும், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே இடைவெளி கூடும். மர கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். கடலோர ஊர்களில் 70, 80 என்பது சாதாரணம், அப்புறம் இரவில் ஏசி போட்டால் சடாரென்று இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் கிட்டாரைக் கொல்லும்.

கார்பனில் கதை வேறு. இழைத் துணியை எபாக்ஸி பிசினில் தோய்த்து, அச்சுக்குள் அடுக்கடுக்காகப் படியவைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, சூடேற்றி இறுகவைக்கிறார்கள். எந்த அடுக்கின் இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதைச் செய்பவரே தீர்மானிக்கலாம், மரத்தில் அந்த முடிவை மரமே எடுத்துவிடுகிறது. கார்பன் தகடு ஸ்ப்ரூஸைவிடப் பல மடங்கு விறைப்பு. அதே சமயம் எடையும் ஏறக்குறைய நான்கு மடங்கு என்பதால் மிக மெல்லியதாக இழைத்தால்தான் சரியாக அதிரும். அடுக்கும் விதத்திலேயே வலு கிடைத்துவிடுவதால் சட்டமே இல்லாமல் மேல்பலகை செய்ய முடிகிறது; ரெயின்சாங் நிறுவனத்தின் கிட்டார் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால் மேல்பலகையின் அடிப்புறம் வெறுமையாக இருக்கும்.

இந்த வழிக்கு விதை போட்டவர் ஒரு ஹெலிகாப்டர்காரர். சார்லஸ் கேமன் தன் ஹெலிகாப்டர் நிறுவனத்தில் இறக்கைகளின் அதிர்வை ஆராய்ந்த அறிவை வைத்து 1966-இல் கண்ணாடி இழையில் உருண்டை முதுகு கொண்ட ஓவேஷன் கிட்டாரைக் கொண்டுவந்தார். 1976-இல் அதன் அடமாஸ் மாடலில் கார்பன் மேல்பலகை வந்தது, நடுவில் பெரிய ஓட்டைக்குப் பதிலாக மேலே இருபக்கமும் சின்னச் சின்ன ஓட்டைகள். உடம்பு முழுக்கக் கார்பனாலேயே செய்து அதை ஒரு தொழிலாக்கியவர் ஹவாயின் மௌயி தீவில் இருந்த ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர், ரெயின்சாங் அவர் தொடங்கியதுதான். லூசியானாவில் ராக்கெட் பொறியாளர் எல்லிஸ் சீல் காம்போசிட் அக்கூஸ்டிக்ஸ் தொடங்கினார், அயர்லாந்தின் டோனகலில் அலிஸ்டேர் ஹே எமரால்டு கிட்டார்களைச் செய்கிறார்.

சரி, கடைக்குப் போகலாம்.

முதலில், அது கார்பன்தானா என்று பாருங்கள். பிளாஸ்டிக் உடம்பில் கட்டம் கட்டமாகப் படம் ஒட்டி "கார்பன்" என்று விற்பதும் நடக்கிறது. போன் டார்ச்சை ஓட்டைக்குள் அடித்துப் பாருங்கள்: தொடர் இழையில் செய்ததென்றால் உட்புறத்திலும் இழையின் ஓட்டம் தெரியும், ஆங்காங்கே பிசின் பளபளக்கும். இன்னொரு வகையும் உண்டு. பிளாஸ்டிக்கோடு பொடி இழையைக் கலந்து அச்சில் வார்ப்பது. என்யாவின் நோவா கோ பாலிகார்பனேட் கலந்து அப்படி வார்த்ததுதான். அதை நான் குறை சொல்லவில்லை, ஈரத்துக்கு அஞ்சாத நல்ல பயண கிட்டார் அது, விலையும் கைக்கு அடக்கம். லட்ச ரூபாயைத் தாண்டும் ரெயின்சாங்கோடு மட்டும் அதை ஒப்பிட வேண்டாம். இன்னொன்று, உடல் கார்பனாக இருந்து நெக் மரமாக இருக்கும் கிட்டார்களும் உண்டு, அமெரிக்காவின் உட்டாவில் உள்ள க்ளோஸ் நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. அவற்றின் நெக் ஈரத்துக்கு அசையும், அதைத் திருத்த டிரஸ் ராடும் இருக்கும். எனவே "இதில் டிரஸ் ராட் இருக்கிறதா" என்பதுதான் கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இல்லை என்றால் அது குறை ஆகாது, அடுத்த சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கிட்டாரைச் சரியாக டியூன் செய்துகொள்ளுங்கள். ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும் 14-ஆவது ஃபிரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்கோல். ஏழாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஏ4 தாள் நுழைய வேண்டும், விசிட்டிங் கார்டு நுழையக் கூடாது. இடைவெளியே இல்லை, கம்பி ஃபிரெட்டில் உட்கார்ந்திருக்கிறது என்றால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கலாம், கம்பி கரகரக்கும். டிரஸ் ராட் இல்லாத கிட்டாரில் இந்த இரண்டில் எது இருந்தாலும் வாங்காதீர்கள், தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து, 12-ஆவது ஃபிரெட்டில் ஆக்‌ஷனை அளக்க வேண்டும். கம்பியின் அடிப்பகுதிக்கும் ஃபிரெட்டின் உச்சிக்கும் நடுவே தடித்த கம்பியில் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பியில் 1.8 இருந்தால் பெரும்பாலான கைகளுக்கு ஒத்துவரும். அதிகமாக இருந்தால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை, பிரிட்ஜுக்கு மேலே சேடில் (கம்பிகள் உட்காரும் சின்னப் பட்டை) எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். மூன்று மில்லிமீட்டராவது இருந்தால் குறைக்க இடம் இருக்கிறது. ஆக்‌ஷன் ஏற்கெனவே உயரமாக இருந்து, சேடிலும் தேய்ந்து பிரிட்ஜோடு ஒட்டிக் கிடந்தால் அந்த நெக்கின் கோணமே தவறு. மர கிட்டாரில் நெக்கைக் கழற்றித் திரும்பப் பொருத்துவார்கள். நெக்கும் உடலும் ஒரே வார்ப்பாக வந்த கார்பனில் அதைக் கழற்றவே வழியில்லை.

சேடிலைத் தேய்ப்பது வீட்டிலேயே முடிகிற வேலை. கம்பிக்குச் சேடில் ஒரு முனை, நெக்கின் தலைப்பக்கத்தில் இருக்கும் நட் மறுமுனை, 12-ஆவது ஃபிரெட் நட்டநடு. அதனால் அங்கே அரை மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். கம்பிகளைத் தளர்த்திச் சேடிலை வெளியே எடுங்கள், அடியில், அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப் பட்டை இருந்தால் அதை இழுத்துவிடாமல். சேடிலின் அடிப்பக்கத்திலிருந்து அளந்து கூர்மையான பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரே திசையில் தேய்த்துவாருங்கள். கோட்டுக்கு ஒரு மயிரளவு முன்பே நிறுத்திவிட்டு, போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி தேயுங்கள். அடிப்பக்கம் சாய்வாகத் தேய்ந்துவிட்டால் பிக்கப்பில் ஒரு கம்பி சத்தமாகவும் இன்னொன்று மெல்லவும் கேட்கும், பலரும் பிக்கப்பைத்தான் குற்றம் சொல்வார்கள். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஒருமுறை சரியாக அமைந்தால் அடுத்த பருவத்தில் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்பதுதான். மர கிட்டாருக்கு மழைக்கு ஒரு சேடில், வெயிலுக்கு ஒரு சேடில் என்று வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாசிப்புக்கு வருவோம். நெக் உடலோடு சேரும் இடத்தில் மர கிட்டாரில் ஒரு தடித்த குதிகால் இருக்கும், ஒரே வார்ப்பாக வரும் கார்பனில் அதை மெல்லியதாக இழைத்துவிடலாம், எனவே மேல் ஃபிரெட்களுக்குக் கை தாராளமாகப் போகிறது. பளபளப்பான உடல் மடியில் வழுக்கும். உட்கார்ந்து வாசித்தாலும் ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசிக்கப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை விடுவது கஷ்டம். வியர்க்கும் கைக்குப் பளபளப்பான நெக்கைவிட மங்கலான பூச்சுள்ளது நல்லது. மேல்மூலையில் ஓட்டை வைத்த எமரால்டு, மெக்ஃபர்சன் போன்றவற்றில் ஒலி வாசிப்பவரின் காதுக்கே வரும். காம்போசிட் அக்கூஸ்டிக்ஸின் கார்கோ போன்ற சின்ன கிட்டார்களின் ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து சேடில் வரை) 22.75 அங்குலம்தான். வழக்கமான 25.5-க்குப் பழகிய கை முதல் வாரம் குழம்பும், கம்பியும் தளர்வாகத் தோன்றும், ஒரு கேஜ் தடித்ததாகப் போட்டால் சரியாகும்.

ஒலியைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: கார்பன், மரம் மாதிரி ஒலிக்காது. மரம் தனக்குள் கொஞ்சம் அதிர்வை விழுங்கிவிடும். கார்பன் அந்த அளவுக்கு விழுங்காது. அதனால் மேல் சுரங்கள் பளிச்சென்று வரும், நீண்ட நேரம் நிற்கும், சிலருக்கு அது உலோகத்தனமாகப் படும். ரெயின்சாங்கின் கன்சர்ட் ஹைப்ரிட் வரிசையில் கண்ணாடி இழையும் கலப்பது இந்தக் கூர்மையைத் தணிக்கத்தான் என்று வாசிக்கும்போது எனக்குத் தோன்றியது. நீங்கள் செய்யக்கூடியது, பாஸ்பர் பிரான்ஸ் கம்பிக்குப் பதிலாக நிக்கல் பிரான்ஸ் அல்லது மோனல் கம்பியைப் போட்டுப் பார்ப்பது. பிக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ளதை எடுங்கள், பிரிட்ஜிலிருந்து கொஞ்சம் தள்ளி மீட்டுங்கள். நகத்தைவிட விரல் சதையால் மீட்டினால் கார்பன் கிட்டார் எவ்வளவு இதமாகப் பேசும் என்பது கேட்டால்தான் தெரியும்.

மாறாது என்று சொன்னது உடலையும் நெக்கையும்தான், கம்பியை இல்லை. எஃகுக் கம்பி சூட்டில் விரியும், கார்பன் ஏறக்குறைய விரியவே விரியாது. ஏசி அறையில் டியூன் செய்துவிட்டு வெயிலிலோ மேடை விளக்கின் கீழோ போய் நின்றால் சுருதி இறங்கத்தான் செய்யும், போன இடத்தில் பத்து நிமிடம் வைத்துவிட்டு டியூன் செய்யுங்கள். மூடிய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். கருப்பு உடல் சூட்டை அப்படியே வாங்கும், அதிகச் சூட்டில் எபாக்ஸியும் பிரிட்ஜை ஒட்டிய பசையும் இளகும்.

ஸ்ட்ராப் பொத்தானோ பிக்கப்போ பொருத்த நீங்களாகத் துளை போட வேண்டாம். துளையின் விளிம்பில் அடுக்குகள் பிரியலாம், பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் உள்ளே போகும் ஒயர் உரிந்திருந்தால் இரைச்சலும் வரும். வாங்கும்போதே இரண்டு பொத்தான், பிக்கப் எல்லாம் பொருத்தியதாகக் கேட்டு வாங்குங்கள். கீழே விழுந்து கீறல் விட்டால் தச்சு வேலை தெரிந்த கிட்டார் மெக்கானிக்கைவிட, படகுக்கோ ரேஸ் பைக்குக்கோ எபாக்ஸி வேலை செய்கிறவருக்குத்தான் அதைச் சரிசெய்யத் தெரியும். மற்றபடி ஈரத்துணியால் துடைத்தால் போதும். கேஸுக்குள் ஈரப்பதப் பை வைத்திருந்தால் அதை எடுத்து வீட்டிலிருக்கும் மர கிட்டாரின் கேஸில் போட்டுவிடுங்கள்.