மேடும் பள்ளமும் மரமுமா இருக்குற தோப்புக்கு ரைடிங் மோவர் எப்படிப் பாத்து வாங்குறது?

ராம்நாட்டுல ஏதுப்பா சரிவு, கண்ணுக்கெட்டுன தூரம் தட்டையா கெடக்குற ஊருதானேன்னு மதுரைக்காரங்க சிரிப்பாங்க. உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம் பக்கம் கடற்கரையை ஒட்டி தோப்பு வச்சிருக்குறவங்களுக்குத்தான் தெரியும், ஒரு பக்கம் மணல் மேடு, ஒரு பக்கம் ஊரணிப் பள்ளம், நடுவுல வரிசையே இல்லாம நிக்கிற தென்னையும் பனையும், கிணத்து மேடை, சொட்டுநீர்க் குழாய், பாதி வெட்டி விட்ட அடிக்கட்டைன்னு நேரா பத்தடி நடக்க முடியாது. நான் மஸ்கட்ல ஒரு ரிசார்ட்ல எட்டு வருசம் புல்லு வெட்டுற வேலைதான் பாத்தேன், ஊருக்கு வந்ததுல இருந்து ஆளாளுக்கு போன் பண்ணி “தம்பி, உக்காந்து ஓட்டி புல்லு வெட்டுற மிஷின், அதான் ரைடிங் மோவர், எது வாங்கலாம்”னு கேக்குறாங்க, எல்லாருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே எடத்துல எழுதிடுறேன்.

முதல்ல ஒண்ணு. நம்ம பக்கம் புல்லு வெறியா வளர்றது ஐப்பசி மழையில ஆரம்பிச்சு தை வரைக்கும்தான், மத்த மாசம் எல்லாம் காஞ்சு கெடக்கும். அதனால ஒரு ஏக்கருக்குக் கம்மியா இருந்தா ரைடிங் மோவர் ஆசையை விட்ருங்க, தோள்ல மாட்டிக்கிட்டு நடந்து புல்லு வெட்டுற நல்ல பிரஷ் கட்டர் ஒண்ணு போதும். ரெண்டு மூணு ஏக்கர், இல்ல ஹோம்ஸ்டே மாதிரி வச்சு வருசம் பூரா தண்ணி விட்டு புல்லை பச்சையா வச்சிருக்குறவங்க மட்டும் மேல படிங்க.

படி 1: சரிவை அளங்க

கண்ணால பாத்து “சும்மா லேசான சரிவுதான்”னு சொல்லாதீங்க, கண்ணு ஏமாத்தும். கொத்தனார்கிட்ட ஒரு ரசமட்டம் கேட்டு வாங்கிக்கங்க, கூட சரியா 1 மீட்டர் நீளத்துல நேரான ஒரு பலகை, ஒரு டேப். பலகையோட ஒரு முனையை சரிவோட மேல்பக்கம் தரையில வைங்க, மறு முனையைத் தூக்கி ரசமட்டத்துல குமிழ் நடுவுக்கு வர்ற மாதிரி புடிங்க, இப்ப தூக்கிப் புடிச்ச முனைக்கும் தரைக்கும் நடுவுல எத்தனை சென்டிமீட்டர்னு அளங்க.

18 சென்டிமீட்டர் வந்தா கிட்டத்தட்ட 10 டிகிரி. 27 வந்தா 15 டிகிரி. அம்புட்டுத்தான் கணக்கு. பெரும்பாலான ரைடிங் மோவர் மேனுவல்ல 15 டிகிரிக்கு மேல ஏத்தாதீங்கன்னு போட்டிருக்கும், சிலதுல 10-ன்னே இருக்கும். அது கூட நல்லா இறுகுன புல்தரைக்கு. நம்ம மணல்ல சக்கரம் புடிமானம் இல்லாம வழுக்கும், அதனால நான் 10 டிகிரியையே கடைசிக் கோடா வச்சுக்கிறேன், உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

ஒரே எடத்துல அளந்துட்டு விட்றாதீங்க. ஏழெட்டு எடத்துல அளந்து, அதுல எது மோசமோ அதைத்தான் கணக்குல எடுக்கணும். எலி வளையையும் பாருங்க. சக்கரத்துக்கு சக்கரம் 3 அடி இடைவெளி இருக்குற வண்டியில ஒரு பக்கச் சக்கரம் 10 சென்டிமீட்டர் குழியில எறங்குனா அந்த எடத்துல மட்டும் 6 டிகிரி கூடுதலா சாயும், நீங்க 10-ன்னு நெனச்சு ஓட்டிக்கிட்டு இருப்பீங்க, வண்டி 16-ல நிக்கும்.

படி 2: எதை வெட்டப் போறதில்லைன்னு முடிவு பண்ணுங்க

இதைத்தான் யாரும் செய்ய மாட்டேங்குறாங்க. கடலைப் பாத்த மணல் மேட்டுல அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்து கெடந்தா அதைத் தொடவே தொடாதீங்க, அதுதான் மணலைப் புடிச்சு வச்சிருக்கு, சுத்தமா இருக்கட்டும்னு மழிச்சு எடுத்தீங்கன்னா ஆடிக் காத்துல மேடு மொத்தமும் பறந்து வந்து உங்க வாசல்ல உக்காரும். ஊரணிக் கரை, கிணத்து ஓரம், திடீர்னு எறங்குற பள்ளம், இதுக்கெல்லாம் பக்கத்துல ரெண்டு வண்டி அகலத்துக்கு எடம் விட்ருங்க. அந்த ஓரத்தை பிரஷ் கட்டர் வச்சு நடந்து வெட்டிக்கலாம், இல்ல ஆட்டைக் கட்டிப் போடலாம்.

ஒரு பேப்பர்ல தோப்பைக் குத்துமதிப்பா வரைஞ்சு, 10 டிகிரிக்கு உள்ள இருக்குற எடத்துக்கு மட்டும் பச்சை அடிங்க. வாங்கப் போற மிஷின் அந்தப் பச்சைக்கு மட்டும்தான்.

படி 3: மரத்துக்கு நடுவுல இருக்குற சந்து எவ்வளவுன்னு அளங்க

தென்னையை 25 அடிக்கு ஒண்ணா நட்டிருந்தா கவலையில்ல. ரெண்டு மரத்துக்கும் ஆறடி ஆறடி பாத்தி போனாலும் நடுவுல 13 அடி கெடைக்கும், எந்த மிஷினும் போகும். ஆனா தாத்தா காலத்துத் தோப்புல 12 அடியிலயும் மரம் நிக்கும், நடுவுல தானா மொளைச்ச பனை வேற. அதனால இருக்குறதுலயே குறுகலான சந்து எத்தனை அடின்னு பாருங்க.

இதுல ஒரு ஏமாத்து இருக்கு. டெக்னா வண்டிக்கு அடியில பிளேடை மூடியிருக்குற தட்டு. 42 இன்ச் டெக்னு சொல்லி விப்பாங்க, 42 இன்ச்ங்கிறது வெட்டுற அகலம் மட்டும்தான், பக்கவாட்டுல புல்லைத் துப்புற வாயையும் சேத்துப் பாத்தா 4 அடியைத் தாண்டிரும். அதனால கடையில மொத்த அகலத்தை டேப் வச்சு அளந்து பாத்துட்டு, அதுக்கு மேல ஒரு அடியாவது மிச்சம் இருந்தாத்தான் அந்தச் சந்துல போகும்னு வச்சுக்கங்க.

டெக் பெருசா இருந்தா வேலை வெரசா முடியும்னு நெனைக்கிறது தட்டைத் தரைக்கு சரி. மேடு பள்ளத்துல பெரிய டெக் ஒரு பக்கம் தரையைச் சொரண்டும், இன்னொரு பக்கம் புல்லை விட்டுட்டுப் போகும். நம்ம தோப்புக்கு 38-ல இருந்து 42 இன்ச் போதும், டெக்குக்கு அடியில தரை சொரண்டாம இருக்க சின்ன உருளைச் சக்கரம் இருக்கான்னு குனிஞ்சு பாத்து வாங்குங்க.

படி 4: எந்த வகை

இங்கதான் காசு வீணாப் போற எடம், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

ஜீரோ டர்ன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு கையிலயும் ரெண்டு லிவர் புடிச்சு ஓட்டுறது, நின்ன எடத்துலயே சுத்தும், மரத்தை ஒட்டி வளைச்சு வெட்ட அதை அடிச்சுக்க ஆளே இல்ல. யூடியூப்ல பாத்துட்டு எல்லாரும் கேக்குறது இதைத்தான். கீழக்கரை காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தர் செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கி பெரியபட்டினம் பக்கம் இருக்குற தோப்புல விட்டாரு. மார்கழி மாசம், விடிஞ்சும் விடியாத நேரம், புல்லு மேல பனி. ஊரணிப் பக்கம் எறங்குற சரிவுல வண்டி பின் சக்கரம் ரெண்டும் வழுக்கி, லிவரை எப்படி இழுத்தாலும் திரும்பாம நிக்காம நேரா கீழ போயி ஒரு பனையில முட்டி நின்னுச்சு, நல்லவேளை பனை இருந்துச்சு. “தம்பி, பிரேக்கு ரிப்பேருன்னு சொல்லாம வித்துட்டான்டா”ன்னு கத்துனாரு. நான் போயி பாத்தேன், பிரேக்குல கோளாறு ஒண்ணுமே இல்ல காக்கான்னேன். அந்த வண்டியில திருப்புறதும் நிறுத்துறதும் எல்லாமே பின் சக்கரம்தான், முன்னாடி இருக்குறது கடையில தள்ளுவண்டிக்குப் போட்டிருக்குற மாதிரி தானா சுத்துற சக்கரம், அதுக்கு வழி காட்டத் தெரியாது. பின்னாடி புடிமானம் போச்சுன்னா ஸ்டியரிங்கும் போச்சு பிரேக்கும் போச்சு. அதனால மரம் நெறைய, தரை தட்டைன்னா ஜீரோ டர்ன், சரிவு இருந்தா வேணாம்.

லான் டிராக்டர்னா முன்னாடி எஞ்சின், ஸ்டியரிங், நடு வயித்துல டெக். முன் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்பட்டுத் திரும்பும், அதனால சரிவுல இது எவ்வளவோ தேவலாம். திரும்ப எடம் கூடுதலா கேக்கும், மரத்தைச் சுத்தி ஒரு வட்டம் வெட்டாம நிக்கும். எப்படியும் தூருகிட்ட பிரஷ் கட்டர் போட்டுத்தான் ஆகணும், இதுக்காக வருத்தப்பட வேணாம். நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேருக்கு நான் சொல்றது இதுதான்.

டெக்கே முன்னாடி இருக்குற வகை ஒண்ணு இருக்கு, ஹஸ்க்வர்னா கம்பெனியோட ரைடர் மாதிரி, வண்டி இடுப்புல மடங்கித் திரும்பும். தாழ்ந்த மட்டைக்கு அடியில, செடி ஓரத்துல டெக்கை மட்டும் நீட்டி வெட்டலாம், சில மாடல்ல நாலு சக்கரமும் இழுக்கும். மேடும் மரமும் சேந்த தோப்புக்கு இதுக்கு மேல ஒண்ணு இல்ல, வெலையைக் கேட்டுட்டு நாற்காலியில உக்காந்துக்கங்க. ரிமோட்ல ஓடுற செங்குத்துச் சரிவு மிஷின் எல்லாம் எஸ்டேட்காரங்க கதை, விட்ருங்க.

படி 5: உள்ள என்ன இருக்குன்னு கேளுங்க

கியர் வண்டியா, இல்ல கியரே மாத்தாம மிதியை வச்சே வேகத்தைக் கூட்டிக் கொறைக்கிற ஹைட்ரோஸ்டாட்டிக்கான்னு கேளுங்க. சரிவுல கியர் மாத்த கிளட்ச்சை மிதிச்ச நொடி வண்டி தானா உருளும், ஹைட்ரோஸ்டாட்டிக்ல மிதியை விட்டா வேகம் கொறையும், அதனால கண்ணை மூடிக்கிட்டு ஹைட்ரோஸ்டாட்டிக். எஞ்சின்ல ஆயில் பம்ப் வச்சு அழுத்தி அனுப்புற மாதிரி இருந்தா நல்லது, அள்ளித் தெளிக்கிற வகையில வண்டி சாஞ்சே ஓடுனா மேல் பக்கம் ஆயில் சரியாப் போகாது.

சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கும், பிளேடு ஓடும்போது ஆள் எந்திரிச்சா எஞ்சின் நின்னுரும். செகண்ட் ஹேண்ட் வண்டியில இதை ஒயர் முறுக்கி செயலிழக்க வச்சிருப்பானுங்க, உக்காந்து பிளேடைப் போட்டு லேசா எந்திரிச்சுப் பாருங்க, நிக்கலைன்னா அந்த வண்டி வேணாம். ரோல் பார், அதாவது வண்டி கவுந்தா ஆள் நசுங்காம காக்குற கம்பி, இருந்தா சீட் பெல்ட் போடணும், ரோல் பார் இல்லாத வண்டியில சீட் பெல்ட் போடவே கூடாது, கவுந்தா வண்டியோட சேத்துக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிரும்.

டயர்ல பட்டை பட்டையா ஆழமான பள்ளம் இருக்குறதா கேளுங்க. சீமைக் கருவேல முள்ளைப் பத்தி நான் சொல்ல வேணாம், வாங்குன அன்னைக்கே நாலு டயர்லயும் பஞ்சர் சீலன்ட் ஊத்திருங்க. இன்னொண்ணு, இந்த வண்டிக்கு பின் டயர்ல 10 பிஎஸ்ஐ அளவுலதான் காத்து இருக்கும், நம்ம பஞ்சர் கடை அண்ணன் பைக் பழக்கத்துல 30 அடிச்சு விட்ருவாரு, அப்புறம் மணல்ல எங்க போயி புடிக்கும்.

படி 6: உப்புக்காத்து, மணல், ஊர்ப் பெட்ரோல்

டெக்கோட அடிப்பக்கம் தகடு மொத்தமா இருக்கான்னு தட்டிப் பாருங்க, மெல்லிசுத் தகடு நம்ம காத்துக்குத் தாங்காது. ஒவ்வொரு தடவையும் அடியில ஒட்டுன புல்லைச் சொரண்டிட்டுக் கழுவணும், ஆனா போர் தண்ணி உப்பா இருந்தா அதுல கழுவுறதும் ஒண்ணு கடல்ல முக்குறதும் ஒண்ணு, ரெண்டு குடம் நல்ல தண்ணி செலவானா ஆகட்டும். ஏர் ஃபில்டரை மேனுவல்ல சொன்னதுல பாதி நேரத்துக்கே தட்டிச் சுத்தம் பண்ணுங்க, மணல் உள்ள போனா எஞ்சின் அவ்வளவுதான். மாசிக்கு அப்புறம் வண்டி சும்மா நிக்கும்ல, அப்ப டேங்க்குல பெட்ரோலை விட்டு வைக்காதீங்க, இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் எத்தனால், அது தண்ணியை இழுத்துக்கும், ஐப்பசியில ஸ்டார்ட் பண்ணுனா கார்புரேட்டர் அடைச்சுக்கிட்டு நிக்கும்.

படி 7: பணம் குடுக்குறதுக்கு முன்னாடி உங்க தோப்புலயே ஓட்டிப் பாருங்க

கடை சிமென்ட் தரையில ஓட்டிக் காட்டுறது செல்லாது. வண்டியை தோப்புக்குக் கொண்டு வரச் சொல்லுங்க, வர மாட்டேன்னா வேற கடை. ஓட்டுறதுக்கு முன்னாடி மட்டை, பாளை, குரும்பை, கொட்டாங்குச்சி, சங்கு, பவளக்கல்லு எல்லாத்தையும் பொறுக்கிருங்க, பிளேடு பட்டா துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். முக்கியமா மணல்ல பொதைஞ்ச பழைய வலைத் துண்டு, நைலான் கயிறு, அது பிளேடு தண்டுல சுத்திக்கிட்டா பேரிங் காலி. புள்ளைங்க மடியில உக்கார அடம் புடிக்கும், முட்டாய் வாங்கிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிருங்க.

அப்புறம் பிளேடைப் போடாம, நீங்க பச்சை அடிச்ச எடத்துலயே இருக்குற மோசமான சரிவுக்குக் கீழ நின்னு ரிவர்ஸ்ல மேல ஏத்திப் பாருங்க. பின்னாலயே ஏற முடியாத சரிவை அந்த வண்டியால வெட்டக் கூடாது, பச்சையை அழிச்சிருங்க. வெட்டும்போது மேலயும் கீழயுமா நேராத்தான் போகணும், குறுக்கால போனா கவுக்கும், திரும்புறது எல்லாம் மேட்டுலயோ பள்ளத்துலயோ தட்டையான எடத்துல மட்டும். தள்ளிக்கிட்டு நடக்குற மோவருக்கு இது அப்படியே தலைகீழ், அதுல குறுக்கால போகணும், இல்லைன்னா வழுக்குனா கால் பிளேடுக்கு அடியில போகும், ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க.

வாங்குறதை ஆவணியிலயே வாங்கிருங்க. டெக் பெல்ட் ரெண்டு, பிளேடு ஒரு செட், ஃபில்டர் ஒண்ணு அன்னைக்கே சேத்து வாங்கி வீட்டுல வச்சுக்கங்க, மழை நேரத்துல பெல்ட் அறுந்தா மதுரைக்குத்தான் பஸ் ஏறணும், நீங்க திரும்பி வர்றதுக்குள்ள கோரை முட்டி உசரத்துக்கு நிக்கும்.