சோன் ட்ரான்ஸ்ஃபர் ஓடுகிறது, ஆனால் டிசிக் சோதிக்கப்படுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொமைன் பெயருக்கு உரிய ஐ.பி. முகவரியைச் சொல்லும் டி.என்.எஸ். சர்வர்கள் இரண்டு. மூலப் பதிவுகள் உள்ள பிரைமரி சிறுசேரி டேட்டா சென்டரில், பைண்ட் மென்பொருளில். நகல் வைத்திருக்கும் செகண்டரி மும்பையில், என்.எஸ்.டி. மென்பொருளில். டொமைனின் பதிவுத் தொகுப்பான சோனை பிரைமரியிலிருந்து செகண்டரி நகலெடுப்பதுதான் சோன் ட்ரான்ஸ்ஃபர். சென்னையில் இருந்து டொமைன்களைப் பராமரிப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரு மென்பொருளில் ஓட்டை வந்தாலும் மற்றது தாங்கும். சிக்கல் எல்லாம் இரண்டையும் இணைக்கும் டிசிக் கீயில்தான், அதாவது இருபுறமும் பகிர்ந்துகொண்ட ரகசியத்தால் செய்திகளுக்குக் கையொப்பமிடும் கீயில்தான்.

முதலில் கீயின் பெயர். ரகசியம் ஒன்றாக இருந்தால் போதும், பெயரை அவரவர் விருப்பப்படி வைக்கலாம் என்று நினைக்கக் கூடாது. பெயரும் கையொப்பக் கணக்கில் சேரும். பெயர் மாறினால் 'பேட்கீ' பிழை, ரகசியம் மாறினால் 'பேட்சிக்' பிழை. கையொப்பத்தைக் கணக்கிடும் அல்காரிதமும் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய எம்.டி.5 வேண்டாம், ஹெச்மேக்-ஷா256 வையுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது அடுத்ததுதான். பைண்டில் யாருக்கு சோனைத் தரலாம் என்று சொல்லும் அலோ-ட்ரான்ஸ்ஃபர் வரியில் செகண்டரியின் ஐ.பி.யையும் கீயையும் அடுத்தடுத்து எழுதினால், இரண்டும் பொருந்த வேண்டும் என்று ஆகாது. ஏதாவது ஒன்று பொருந்தினாலே கதவு திறந்துவிடும். என்.எஸ்.டி.யில் அதே வேலை செய்யும் ப்ரொவைட்-எக்ஸ்எஃப்ஆர் வரியிலோ ஐ.பி., கீ இரண்டும் பொருந்தியே ஆக வேண்டும். அந்தப் பழக்கத்தில் பைண்டை எழுதுபவர் ஏமாந்துபோவார். அதோடு யாரிடம் சோனைக் கேட்பது என்று சொல்லும் செகண்டரியின் ரிக்வெஸ்ட்-எக்ஸ்எஃப்ஆர் வரியில், கீ வேண்டாம் என்று சோதனைக்காகப் போட்ட 'நோகீ' அப்படியே தங்கிவிட்டால், கையொப்பமே இல்லாமல் சோன் வந்துகொண்டிருக்கும். லாகில் ஒரு பிழையும் தெரியாது. பைண்டில் கீயை மட்டும் எழுதுங்கள். ஐ.பி.யும் கட்டாயம் என்றால், அந்த ஐ.பி. அல்லாத எல்லோரையும் மறுக்கும் நிபந்தனையை முதலில் வைத்து, அதன் பிறகு கீயை எழுதுங்கள்.

சரி, சோதிப்பது எப்படி? செகண்டரி மெஷினிலிருந்தே டி.என்.எஸ். சர்வரிடம் கேள்வி கேட்கும் டிக் கட்டளையில், கீ கொடுக்காமல் ஏ.எக்ஸ்.எஃப்.ஆர்., அதாவது முழு சோனையும் கேளுங்கள். மறுக்கப்பட வேண்டும். கீயோடு கேட்டு வந்துவிட்டது என்பது பாதிச் சோதனைதான்.

அப்புறம் கடிகாரம். கையொப்பத்தில் நேரமும் சேரும். வழக்கமாக அனுமதிக்கப்படும் நேர வித்தியாசம் 300 நொடி. கணக்கு உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் நடக்கிறது. டைம்சோனை யு.டி.சி.யில் விட்டுவிட்டு, கையால் இந்திய நேரத்தை வைத்தால் ஐந்தரை மணி நேரம், அதாவது 19,800 நொடி தள்ளிப்போய் 'பேட்டைம்' பிழை வரும். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்.டி.பி. ஓடுகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள்.

ரகசியத்தை வாட்ஸ்அப் குழுவில் ஒட்டாதீர்கள். கீ ஃபைலுக்கும் எல்லோருக்கும் படிக்கும் உரிமை கொடுக்காதீர்கள். டிசிக் எதையும் மறைப்பதில்லை, அனுப்பியவர் யார், வழியில் மாறியதா என்பதை மட்டும் உறுதி செய்யும். சோனில் உள்ள பெயர்கள் வழியில் யார் கண்ணிலும் படக் கூடாது என்றால், 2021இல் ஆர்.எஃப்.சி. 9103 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த, தகவலை மறையாக்கும் டி.எல்.எஸ். வழி ட்ரான்ஸ்ஃபரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.